பெயர் சொல்லும் கற்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்து அடிவாரத்தைக் கடந்து மலையேறத் தொடங்கியதும், பயணிகளுள் பெரும்பாலோர் பள்ளத்தாக்கின் பக்கமே பார்வையைத் திருப்புகின்றனர். கீழே சேலம் நகரம் சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. சிறுவர்கள் மட்டும் மலைச்சுவரின் பக்கம் பார்த்து எண்ணிக்கொண்டே வருகின்றனர். வளைவுதோறும் எண்ணைக் குறித்துப் பலகை நட்டிருக்கிறார்கள் அல்லவா? மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவதைக் கண்டவுடன் பிள்ளைகள் கைதட்டுகின்றனர்.

அண்மையில் நாம் மேற்கொண்ட ஒரு பயணத்தில் முன் இருக்கையில் அமர்ந்திருந்த சிறுமி, எண்ணுவதை இடையில் நிறுத்திவிட்டு, "தாத்தா, இந்த ரோட்டை யாரு போட்டாங்க?" என்று கேட்டாள். "வெள்ளைக்காரங்க போட்டது கண்ணு" என்றார் பெரியவர். அவள் மீண்டும் எண்ணத் தொடங்கிவிட்டாள். நாமோ அந்த விடையிலேயே நின்றுவிட்டோம். வெள்ளைக்காரர் போடச் சொன்னார் என்பது உண்மை. பாறையைப் பிளந்தவர் யார்? மண் சுமந்த பெண்கள் யாருடைய பாட்டிமார்? அதைச் சொல்ல இவ்வழியில் ஒரு கல்லேனும் உண்டா?

வழியோரக் கற்கள் நமக்குப் புதியன அல்ல. ஊர்ப்பெயரையும் தொலைவையும் தாங்கி நிற்கும் கற்களைத் தினமும் காண்கிறோம். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தைத் தொடர்ந்து நாடு கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. ஆயினும் தமிழ் மக்கள் நாவில் அது இன்றும் 'மைல்கல்'தான். ஒரு சொல் தன் பொருள் மறைந்த பின்னும் வாழ்கிறது. சில நாடுகளில் தொலைவை மட்டுமன்றி வரலாற்றையும் வழியோரத்தில் எழுதி வைக்கின்றனர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டிலேயே நெடுஞ்சாலை ஓரங்களில் வரலாற்றுக் குறிப்புப் பலகைகளை நடத் தொடங்கியது. சிற்றூர் ஒன்றைக் கடந்து செல்பவர் வண்டியை நிறுத்தி, அங்கே யார் பிறந்தார், என்ன நிகழ்ந்தது என்று படித்துவிட்டுச் செல்லலாம். இது மேலைநாட்டார் வழக்கம் என்று நாம் எண்ணிவிடலாகாது. சேலத்து மண்ணுக்கு இது மிகப் பழைய வழக்கம்.

குழிகளில் எழுதிய கணக்கு

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கே கண்டெடுக்கப்பட்ட பழைய வழிக்கல் ஒன்று 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரையும், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவையும் அக்கல் அறிவிக்கிறது. தாவளம் என்பது வணிகர் பொதியிறக்கித் தங்கும் இடம். உப்பும் துணியும் ஏற்றிய பொதிமாடுகளுடன் வரும் வணிகர்க்காக நட்ட கல் இது.

இக்கல்லின் சிறப்பு அதன் எழுத்தில் மட்டும் இல்லை. எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனும், இருட்டில் வந்து சேர்ந்த பொதிமாட்டுக்காரனும் விரலால் தடவியே இன்னும் 29 காதம் உண்டு என்று அறிந்துகொள்ளலாம். கல் நட்டவன் படித்தவனை மட்டும் மனத்தில் கொண்டு நடவில்லை. வழிநடப்போர் அனைவரையும் எண்ணி நட்டான். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் ஒரு கல்தச்சனுக்கு இருந்த இந்தக் கனிவை எண்ணி நாம் பெருமைப்படலாம். சற்று வெட்கப்படவும் செய்யலாம்.

வழிக்கற்களினும் பழையவை நடுகற்கள். ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்தவர்க்கும், ஊரைக் காக்கப் புலியோடு போரிட்டு மாண்டவர்க்கும் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி வழிபட்ட மரபை நம் இலக்கணமும் சங்கப் பாடல்களும் பேசுகின்றன. தருமபுரி, செங்கம் பகுதிகளில் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் ஒருவன் கையில் ஆயுதத்துடன் நிற்கிறான். அவன் அருகில் ஒரு நாய். கள்வர்களைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 1,400 ஆண்டுகள் கடந்துவிட்டன. பல்லவப் பேரரசு இல்லை. அந்த மந்தை இல்லை. நன்றியுள்ள ஒரு நாயின் பெயர் மட்டும் அழியாமல் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபின், படைக்கு ஆள் அனுப்பிய பல ஊர்களில் ஆங்கிலேய அரசு கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் அவற்றைக் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகிறது. பெயர் இல்லை, எண் மட்டுமே. கடல் கடந்து, மொழி தெரியாத மண்ணில் மாண்ட மகனுடைய பெயரை அந்தக் கல்லில் தேடிய தாய் எண்ணை மட்டுமே கண்டிருப்பாள். பல்லவர் காலத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த பேறு, இருபதாம் நூற்றாண்டில் ஓர் உழவன் மகனுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே வழியோரக் கல்லைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இக்கல் யாருடைய பெயரைச் சொல்கிறது, யாரை எண்ணாக்கிவிடுகிறது, யாரைச் சொல்லாமலே விடுகிறது? இக்கேள்வியோடு மீண்டும் மலையேறுவோம்.

மலையும் அதன் பெயர்களும்

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். ஆனால் மலைக்குப் பெயர் தந்தவர் சேர்வராயன். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், மேட்டுச் சமவெளி ஒன்றில் குகைக் கோவிலாக அவருடைய இருப்பிடம் உள்ளது. உடன் காவேரியம்மனும் இருக்கிறாள். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் விழாவுக்கு மலைக் கிராமங்கள் அனைத்தும் திரண்டு வருகின்றன. அதே மேட்டுப் பகுதிகளில்தான் அலுமினியத்துக்காகப் பாக்சைட் கனிமம் பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது.

இம்மலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்து மொழிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் ஏறிக் குடியமர்ந்தனர் என்றும் இவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இதைக் கல்லில் எழுதி வைத்தவர் எவரும் இல்லை. பாட்டன் சொல்ல, பேரன் கேட்டு வந்த செய்தி இது. பிற்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஆய்வாளரும் வந்து அதைக் கேட்டுத் தம் நூல்களில் எழுதிக்கொண்டனர்.

இன்று சுற்றுலாப் பயணி ஏற்காட்டில் கேட்டறியும் பெயர்களோ வேறு வகையின. மாலையில் ஓர் ஆங்கிலப் பெண்மணி அமர்ந்து காட்சியை ரசித்த பாறை 'லேடீஸ் சீட்' ஆயிற்று. அதற்கு இணையாக 'ஜென்ட்ஸ் சீட்' தோன்றியது. கிழக்கு விளிம்பில் கூம்புபோல் அடுக்கிய கற்குவியல்கள் நின்ற இடத்துக்குப் 'பகோடா பாயிண்ட்' என்று பெயர். அக்கற்களை மலைமக்கள் அடுக்கினர் என்பர். எதற்காக அடுக்கினர்? யாருடைய நினைவுக்காக அடுக்கினர்? அது வழியோரப் பலகையில் இல்லை. அமர்ந்து பார்த்தவர்க்கு இடத்தின் பெயர் உரிமையாயிற்று. கல்லை அடுக்கியவர்க்கு ஆகவில்லை. ஆயினும் கிளியூர், நாகலூர், மஞ்சக்குட்டை, பட்டிப்பாடி, தலைச்சோலை என்று மலை ஊர்களின் பெயர்கள் இன்னும் வாழ்கின்றன. கல்லில் வெட்டாத பெயர்களுக்கு இவையே சான்று.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயின. 1820களில் சேலத்தின் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். 'கிரேஞ்ச்' என்ற அவரது தோட்டத்தின் பெயர் இன்றும் ஏற்காட்டில் வழங்குகிறது. ஏற்காட்டின் தந்தை என்று அவரைப் பாராட்டுவோர் உண்டு. குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் நட்ட செடி இன்று ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறு போடுகிறது. ஆனால் ஒரு காப்பித் தோட்டம் ஒரு மனிதர் நட்டு உருவாவதில்லை. காட்டைத் திருத்த வேண்டும். நிழல்மரம் வளர்க்க வேண்டும். களையெடுத்து, பழம் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, மூட்டை கட்ட வேண்டும். இரயில் 1861இல் சேலத்துக்கு வந்தது. அதன் பின்னும் மலைக்கு வண்டிப்பாதை அமையும்வரை துரைகள் குதிரையிலும் டோலியிலும் ஏறினர். டோலியைச் சுமந்த தோள்கள் எவருடையவை? பின்னர்ப் பாதை அமைத்த கைகள் எவருடையவை? பேருந்தில் அச்சிறுமி கேட்ட கேள்வி இதுவேயன்றோ?

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாடம்

ஏற்காட்டின் பழைய ஆலயங்களுள் ஒன்று, 1853ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹோலி டிரினிட்டி ஆலயம். நம் பிரிந்த சகோதரருடைய அவ்வாலயத்தின் கல்லறைகளுக்கு இடையே நடந்தால் சென்ற நூற்றாண்டுகளின் பெயர்கள் பல கண்ணில் படும். ஏற்காட்டோடு தொடர்புடைய இருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம். இருவரும் மாமனும் மருமகனும் ஆவர்.

மாமனார் பீட்டர் பெர்சிவல். 1803இல் பிறந்த இவர் வெஸ்லியன் சபையின் ஊழியராக யாழ்ப்பாணம் சென்று பள்ளிகளை நிறுவினார். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய வரலாற்றை யாழ்ப்பாணம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு சைவப் பெரியாரும் ஒரு கிறித்தவப் போதகரும் ஒரே மேசையில் அமர்ந்து சொல்லுக்குச் சொல் ஆராய்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். பின்னர்ச் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணிபுரிந்த பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டுவதில் பேரார்வம் கொண்டிருந்தார். 1842இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1882இல் ஏற்காட்டில் காலமானார்.

மருமகன் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858இல் சேர்ந்தவர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் செம்மண் நிலத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவருக்கோ அது மனிதன் கைபட்ட கருவி என்பது புலப்பட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அன்று முதல் சான்று கிடைத்தது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் அகழாய்வு செய்த அறிஞர்கள், அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தனர். பணி ஓய்வுக்குப்பின் ஃபூட் ஏற்காட்டில் குடியேறினார். பல்லாண்டு திரட்டிய அவரது தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் பெற்றுக்கொண்டது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் மறைந்தார். அவரது நினைவுக்கல் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது.

இவ்விருவரும் வாழ்நாள் முழுவதும் எதைத் திரட்டினர்? பெர்சிவல் திரட்டிய ஆறாயிரம் பழமொழிகளில் ஒன்றுக்கேனும் ஆசிரியர் பெயர் உண்டா? உலக்கை பிடித்த பாட்டியும், ஏர் பிடித்த தாத்தாவும், சந்தையில் விலை பேசிய வணிகனும் சொல்லிய சொற்கள் அவை. ஃபூட் திரட்டிய கருவிகளில் ஒன்றுக்கேனும் செய்தவன் பெயர் உண்டா? எழுத்தே தோன்றாத காலத்தில் ஒருவன் குந்தி அமர்ந்து, கல்லோடு கல்லை மோதி, விளிம்பைக் கூராக்கினான். அவ்வளவே நாம் அறிவது. பெயரில்லாதவர்களின் சொல்லையும் செயலையும் அழியாமல் காத்தமையால் இவ்விருவரின் பெயர் நின்றது. கல்லில் வெட்டியதால் மட்டும் நின்றதென்றால், அதே தோட்டத்தில் உள்ள வேறு பல பெயர்களையும் நாம் அறிந்திருப்போம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சேலம் மாவட்டத்து மலைகளில் உழும்போது வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைப்பதுண்டு. மலைமக்கள் அவற்றை வெறுங்கல் என்று எறிந்துவிடுவதில்லை. தங்கள் கோவில்களில் கொண்டுபோய் வைத்து வணங்குகின்றனர். அவர்கள் நிலவியல் படித்தவர் அல்லர். எனினும் முன்னோர் கைபட்ட பொருள் இது, சாதாரணக் கல்லன்று என்னும் உணர்வு அவர்களிடம் இருந்தது. அருங்காட்சியகம் தோன்றுமுன்பே ஒரு காப்பகம் அவர்களிடம் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம் பெட்டகத்தில் உள்ளது

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சேலத்து மண்ணில் கத்தோலிக்க மறையின் வரலாறு நீண்டது. தத்துவ போதகர் என்று தமிழகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். நெடுங்காலம் கழித்து, பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள் இப்பகுதியில் பணியாற்றினர். 1930ஆம் ஆண்டு சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. ஏற்காட்டில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளியும், க்ளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியர் நடத்தும் திரு இருதயப் பள்ளியும் நாடறிந்தவை. இவற்றின் ஆண்டுகளும் நிறுவியவர் பெயர்களும் கல்லிலும் பித்தளைத் தகட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளன. அது முறையே.

ஆனால் அந்த ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் கல் சுமந்தவர்? சமையற்கட்டில் புகையோடு போராடியவர்? மழையில் நனைந்து, தோட்டத்திலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு நடந்து வந்த கூலித் தொழிலாளர்? அவர்களுக்கு நினைவுக்கல் இல்லை. மரச்சிலுவையும் மண்மேடும் பத்து மழைக்குள் கரைந்துவிடும். அவ்வாறாயின் அவர்களும் அந்தப் போர்க் கல்வெட்டில் உள்ளவர்போல் வெறும் எண்ணிக்கைதானா?

இல்லை என்று துணிந்து சொல்வோம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று பங்குத்தந்தையருக்குக் கட்டளையிட்டது. திருமுழுக்குப் பெறுவோர்க்கும் அவ்வாறே பதிவேடு விதித்தது. 1614இன் உரோமைத் திருச்சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்து எழுதும் முறையை வகுத்தது. அந்த ஒழுங்கு கடல் கடந்து நம் பங்குகளுக்கும் வந்தது. ஆகவே நம் பழைய பங்குகளின் மர அலமாரிகளில், பெரும்பாலும் இலத்தீனில் எழுதிய தடித்த ஏடுகள் இருக்கின்றன. திறந்து பாருங்கள். துரைக்கும் ஒரு வரி. துரையின் குதிரைக்குப் புல் அறுத்தவனுக்கும் ஒரு வரி. இருவருக்கும் ஒரே மை. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள், ஊர், குருவின் கையொப்பம். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் பெயரும் அங்கே முழுமையாக நிற்கிறது. அரசு கல்லில் எழுதாததைத் திருச்சபை தாளில் எழுதிற்று. ஏழையின் நடுகல் அந்தப் பதிவேடே.

நம்மிடம் குறையில்லை என்று இதனால் நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம்; பெயர் வேண்டா. பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிய ஆலயம் எழுப்பியிருந்தனர். நன்கொடையாளர் பெயர்கள் பளிங்கில் பளபளத்தன. பின்புறம் கிணற்றடியில் கைகால் கழுவக் குனிந்தபோது காலடியில் எழுத்துகள் தெரிந்தன. துணி துவைக்கப் போட்டிருந்த கருங்கல் பலகை அது. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பழைய ஆலயத்தைக் கட்டிய ஊராரின் பெயர்வரிசை என்பது மட்டும் புலனாயிற்று. "அது பழைய கல்லுங்க, சும்மா கிடக்குதேன்னு போட்டோம்" என்றார் ஒருவர். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. அக்கல் என்ன சொல்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. ஒருவேளை அவர் பாட்டனின் பெயரும் அதில் இருந்திருக்கலாம்.

இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. பகைவர் வந்து அழிப்பது குறைவு. நாமே அறியாமல் துவைகல்லாக்கிவிடுகிறோம். பதிவேடுகளின் நிலையும் வேறன்று. மலைப்பகுதியின் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கிறது. கரையானும் இராமபாணப் பூச்சியும் பக்கங்களைத் துளைக்கின்றன. எழுத்தை வாசிக்கத் தெரிந்த முதிய குருக்களும் ஒருவர்பின் ஒருவராக விடைபெறுகின்றனர்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பங்குத்தந்தையின் இசைவோடு, நல்ல கையெழுத்துள்ள இளையோர் இருவர் கிழமைக்கு ஒரு மாலை அமர்ந்தால் பழைய ஏட்டின் பெயர்களைத் தமிழில் படியெடுத்துவிடலாம். இன்று கைபேசியிலேயே பக்கங்களைப் படம் பிடித்து வைக்கும் வசதியும் உண்டு. அன்பியக் கூட்டங்களில் மூத்தோரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: நம் ஆலயம் கட்டும்போது யார் யார் வேலை செய்தார்கள்? அவர்கள் சொல்வதை அன்றைக்கே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். பழைய கல் எதுவாயினும் இடிபாட்டோடு போகாமல் ஆலயச் சுவரில் பதிக்கலாம். ஆலய வாயிலில் ஊர் வரலாற்றைப் பத்து வரியில் எழுதிப் பலகை வைப்பதாயின், கட்டுவித்தவர் பெயரோடு கட்டியவர் பெயரையும் சேர்க்கலாம்.

இன்னும் ஒன்று. அதியமான் பெருவழிக் கல்லில் படிக்காதவர்க்காகக் குழிகள் செதுக்கினான் அன்றைய தச்சன். நம் பதிவேட்டை அலமாரியில் பூட்டி வைத்தால் அது படித்தவர்க்கு மட்டுமே உரியதாகிவிடும். எல்லாருக்கும் எட்டும்படி செய்ய ஒரு வழி உண்டு. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நாம் கல்லறைகளைக் கழுவி, பூவைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். சொந்தம் உள்ள கல்லறைகளில் ஒளி நிறைகிறது. மண்மேடுகள் இருளில் கிடக்கின்றன. அன்று திருப்பலியின் முன் பழைய இறந்தோர் ஏட்டிலிருந்து ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், உரத்து வாசிக்கப்படட்டும். நூறு ஆண்டுகளாக எவரும் உச்சரிக்காத பெயர் ஒன்று ஆலயத்தில் ஒலிக்கும். கூட்டத்தில் யாரேனும் ஒருவர், இது எங்கள் கொள்ளுப்பாட்டி பெயராயிற்றே என்று நிமிர்ந்து பார்ப்பார்.

இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார் யோசுவா. வருங்காலத்தில் பிள்ளைகள் இக்கற்கள் எதற்கு என்று வினவுவர், அப்போது பெரியோர் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. கல்லை நாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. கேட்கும் பிள்ளையும் சொல்லத் தெரிந்த பெரியவரும் சேர்ந்தால்தான் அக்கல் பேசும்.

மாலையில் நாம் மலையிறங்கியபோது அதே வளைவுகள் இருபதிலிருந்து ஒன்றாகத் திரும்பி வந்தன. சுவரில் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கப்பட்டு, மழை பல கண்டும் சரியாமல் நின்றன. அடுக்கியவர் பெயர் அச்சுவரில் இல்லை. அவர்களுள் நம்மவர் சிலரின் பெயரேனும் ஏதோ ஒரு பங்கின் ஏட்டில், மங்கிய மையில், யாரோ வந்து வாசிக்கக் காத்துக் கிடக்கலாம். காலையில் வினவிய அச்சிறுமி வளர்ந்து தன் பேத்தியோடு இவ்வழி வரும்போது, அதே கேள்வியைக் கேட்கும் குழந்தைக்குச் சொல்ல அவளிடம் சில பெயர்களாவது இருக்கட்டும்.